குரங்கரசனின் விமானம்

திருகோணமலை உட்துறைமுகத்தை அணைந்து கிடக்கும் சீனன்குடா, சீனரின் பெயரைத் தாங்கிய இடம். 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி காலையில் அதன் வானத்தை மறைத்து வந்த விமானங்களோ யப்பானியருடையவை. அதற்குப் பதினேழு மாதங்களுக்கு முன்னர், 1940 நவம்பர் 6 ஆந் திகதி, யப்பானியத் திரையரங்குகளில் வேறொரு விமானம் பறந்தது. அதனைச் செலுத்தியது ஒரு குரங்கு. கண்டோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். சிரிப்பூட்டிய அவ்விமானத்துக்கும் குண்டு சொரிந்த விமானங்களுக்கும் இடையே உறவு உண்டா என்ற வினா முதற்பார்வையில் வலிந்து எழுப்பிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் திரைப்படத்தை ஆக்கியோரின் பெயர்களைத் தொடர்ந்து சென்றால், அவ்வுறவு கற்பனையன்று என்பது தெளிவாகும்.

அன்று திரையிடப்பட்ட படத்தின் பெயர் ‘சொன் கோக்கு’. தோஹோ நிறுவனம் தயாரித்தது. யமாமோட்டோ கஜிரோ நெறிப்படுத்தினார். சீனத்தின் பெருநாவல்களுள் ஒன்றாகிய ‘மேற்றிசைப் பயணம்’ அதன் மூலக்கதை. மிங் அரசர் காலத்தில், 1592 இல், நான்சிங் நகரில் நூறு அதிகாரங்களாக அச்சேறிய அந்நாவலை வூ செங்என் என்பார் இயற்றினார் என்பது பெருவழக்கான கருத்து. கல்லிற் பிறந்து, விண்ணுலகைக் கலக்கி, புத்தரால் மலையின்கீழ் அடைக்கப்பட்ட குரங்கரசன் சுன் வூகொங், திருமறை தேடி இந்தியாவுக்குச் செல்லும் துறவிக்குத் துணையாகிறான். பன்றி முகத்தோன் ஒருவனும் மணலாற்றுப் பூதம் ஒன்றும் உடன் செல்கின்றனர். சுன் வூகொங் என்னும் சீனப் பெயரின் யப்பானிய ஒலிப்பே சொன் கோக்கு.

கதையில் வரும் துறவி வரலாற்று மனிதர். தமிழ் மாணவர் பாடநூல்களில் யுவான் சுவாங் எனக் கற்றவர் அவரே. 645 ஆம் ஆண்டில் 657 நூல்களுடன் அவர் சீனத் தலைநகருக்கு மீண்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில், அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வருவதே அவருடைய எண்ணம். ஆனால், இலங்கையில் அரசன் இறந்தான், பஞ்சமும் குழப்பமும் மிகுந்தன என்று சொல்லிக்கொண்டு, ஈழத்துப் பிக்குகள் பலர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுடன் உரையாடிய பின் துறவி தம் எண்ணத்தைக் கைவிட்டார். அவரது பயண நூலில் இலங்கையைப் பற்றிய பகுதி கேள்வியால் எழுதப்பட்டதேயன்றிக் கண்டு எழுதப்பட்டதன்று. ஆகவே மேற்றிசைப் பயணத்தின் உண்மை நாயகர் இலங்கையின் வாசல்வரை வந்து திரும்பியவர் எனலாம்.

தமிழகத்தோடு இக்கதைக்குள்ள தொடர்பு இவ்வளவோடு நின்றுவிடவில்லை. குரங்கரசனின் தலையிற் பொன்வளையம் ஏறக் காரணமானவள் குவான்யின் என்னும் கருணைத் தெய்வம். அவள் அவலோகிதரின் சீன வடிவம். அவளது உறைவிடம் போதலகம். யுவான் சுவாங் தென்னாட்டு மலையகூடத்தை அடுத்ததாகக் கூறும் அம்மலையைப் பொதியில் எனக் கொள்ளும் ஆய்வாளர் உளர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்னும் பௌத்த மரபை வீரசோழியம் பேணி வைத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. குரங்கரசனின் பிறப்பைப் பற்றியோ அறிஞரிடையே பெரும் வழக்கு உண்டு. 1923 இல் ஹூ ஷி, இவன் இராமாயணத்து அனுமனின் வழிவந்தவன் எனக் கருதினார். லூ சுன் அதனை ஏற்காது, சீனத்துப் பழங்கதைகளில் வரும் நீர்ப்பூதமொன்றைச் சுட்டினார். சுவான்சோ நகரத்துக் கைய்யுவான் கோவிலின் மேற்குக் கோபுரத்தில், 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குரங்கு முகக் காவலன் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதே துறைமுக நகரில் 1281 ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்துள்ளது. அங்கே தமிழ் வணிகர் சிவன் கோவில் எடுப்பித்திருந்தனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து அனுமன் கப்பலேறிச் சீனம் போனான் என்று முடிவு கட்டுவது எளிது. எளிது என்பதாலேயே சற்று நிதானிக்க வேண்டும். சிற்பமும் கல்வெட்டும் ஒரே நகரத்தில் இருக்கின்றன என்பது மட்டுமே உறுதி. எனினும் இராவணன் வெட்டைக் காட்டிக் கதை சொல்லும் ஊரில் வளர்ந்தோருக்கு, கடலைத் தாண்டும் குரங்கு அந்நியமாகத் தோன்றாது.

இனி, திரைப்படம். சொன் கோக்குவாக நடித்தவர் எனோமோட்டோ கெனிச்சி. ‘எனோக்கென்’ என்னும் சுருக்கப் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டவர். டோக்கியோவின் அசாக்குசா கேளிக்கை அரங்குகளிற் பாடியும் ஆடியும் புகழ் ஈட்டியவர். குட்டையான உடல், கரகரத்த குரல், உருளும் கண்கள் - குரங்கு வேடத்துக்கு ஒப்பனை அதிகம் வேண்டாதவர் என்று சொல்வது அவருக்கு இழுக்கன்று. படம் இரு பகுதிகளாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. நாவலிற் குரங்கரசன் முகிலொன்றின்மீது ஏறி ஒரே தாவில் 1,08,000 லீ தூரத்தைக் கடப்பான். திரையில் அம்முகில் சுழலி பூட்டிய விமானமாகிறது. அமெரிக்கக் கேலிச்சித்திர வீரன் பொப்பாயைப் போலக் கீரை உண்டு வலிமை பெறும் காட்சி உண்டு. வோல்ட் டிஸ்னியின் படங்களிலிருந்து பெயர்த்தெடுத்த மெட்டுகள் உண்டு. அணியணியாக ஆடும் நங்கையர் உண்டு. சீன நாவல், அமெரிக்க இசை, யப்பானிய மேடைக் கூத்து ஆகிய மூன்றையும் ஒரே சட்டியிலிட்டுக் கிண்டிய பண்டம் அது. வான்பறப்பும் மாயமும் தோன்றத் தந்திரக் காட்சிகளை அமைத்தவர் சுபுராயா எய்ஜி. ‘கிங் கொங்’ என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டு இத்துறையிற் பித்துக் கொண்டவர் அவர். அவரை ஆட்கொண்டதும் ஒரு குரங்குதான்.

இப்படம் வெளிவந்த வாரங்களை நோக்கும்போதே அதன் விசித்திரம் புலனாகிறது. சீனாவுடன் 1937 இல் மூண்ட போர் நான்காம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. 1939 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டம், படப்பிடிப்புக்கு முன்னரே கதையைத் தணிக்கைக்கு உட்படுத்தியது. நெறியாளரும் நடிகரும் உரிமம் பெறல் வேண்டும் என்றது. 1940 செப்டெம்பர் 27 இல் யப்பான் ஜேர்மனியுடனும் இத்தாலியுடனும் உடன்படிக்கை செய்தது. ஒக்டோபர் 31 உடன் டோக்கியோவின் நடன மண்டபங்கள் மூடப்பட்டன. நவம்பர் 10 இல், பேரரசு நிறுவப்பட்டு 2,600 ஆண்டுகள் நிறைந்தனவென அரசு பெருவிழா எடுத்தது. மண்டபங்கள் மூடி ஆறு நாள்; விழாவுக்கு நான்கு நாள். இடைப்பட்ட அந்த நாளில், ஆட்டமும் பாட்டும் அமெரிக்க மெட்டுமாகக் குரங்கு திரைக்கு வந்தது. குரங்கரசனின் தலையில் இருந்த பொன்வளையம், துறவி மந்திரம் ஓதும்போதெல்லாம் இறுகி வலி தருவது. அக்காலத்து யப்பானியக் கலைஞரின் தலையிலும் அத்தகையதொரு வளையம் ஏறியிருந்தது.

இப்படத்தை எதிர்ப்புக் குரலாகக் காண்போர் உளர். போரின் இறுக்கத்துக்குள் மக்களுக்குக் கிடைத்த கடைசி மூச்சு அது என்பர். மறுசாரார், சீனக் கதையைப் பறித்துத் தம்முடையதாக்கி, கண்டத்தை ஊடறுத்துச் செல்லும் வீரனை விமானத்தில் ஏற்றியதே ஏகாதிபத்தியக் கனவு என்பர். இரண்டாம் கருத்துக்கு வலுவூட்டுவது படத்திற் பாடித் தோன்றும் ரி கோரான் என்னும் நடிகையின் வாழ்க்கை. சீன நங்கையாக அறிமுகஞ் செய்யப்பட்ட இவர் உண்மையில் மஞ்சூரியாவிற் பிறந்த யப்பானியர். இயற்பெயர் யமகுச்சி யொஷிக்கோ. யப்பானியரை விரும்பும் சீனப் பெண் என்ற வேடத்தை அவர் திரையில் மட்டுமன்றி வெளியிலும் தாங்க வேண்டியிருந்தது. 1945 இற் போர் முடிந்ததும், சீனராய் இருந்து தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்று ஷங்ஹாயிற் சிறைப்பட்டார். தாம் யப்பானியர் என்பதற்கான பதிவுச் சான்றைக் காட்டியே 1946 இல் உயிர் தப்பினார். நடிப்பு மெய்யென நம்பப்பட்டதற்குக் கிடைத்த பரிசு அது. ஆயினும் முதற் கருத்தும் முற்றிலும் பொய்யன்று. அரசு பகையெனச் சுட்டத் தொடங்கியிருந்த அமெரிக்காவின் இசைக்கு அரங்கம் நிறையக் கைதட்டுவதை எந்தச் சட்டமும் விரும்பியிராது. ஆனால் கைதட்டியவர்கள் வெளியே வந்து போர்முனைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. அச்சிரிப்பு எதிர்ப்பு அன்று, ஒரு விடுமுறை. அதிகாரம் விடுமுறைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

1941 டிசெம்பரில் யப்பானிய விமானங்கள் ஹவாயில் முத்துத் துறைமுகத்தைத் தாக்கின. அதன் ஓராண்டு நிறைவை ஒட்டி, கடற்படை அமைச்சின் ஆதரவில் தோஹோ நிறுவனம் எடுத்த ‘ஹவாய் - மலாயாக் கடற்போர்’ 1942 டிசெம்பர் 3 இல் வெளிவந்தது. நெறிப்படுத்தியவர் யமாமோட்டோ கஜிரோ. தந்திரக் காட்சிகள் சுபுராயா எய்ஜி. இரண்டாண்டுகளுக்கு முன் குரங்கைப் பறக்கவிட்ட அதே கைகள், மாதிரித் துறைமுகத்தை அமைத்து, மாதிரிக் கப்பல்களின்மீது மாதிரிக் குண்டுகளை எறிந்தன. தன் கப்பல்களின் நுட்பங்களைக் கலைஞருக்குக் காட்டக் கடற்படை தயங்கியமையால், திரையில் எழுந்த விமானந்தாங்கிக்கு அமெரிக்கக் கப்பலின் சாயல் வந்துவிட்டது என்பர். இதனை மட்டும் நகைச்சுவைப் படத்திற் சேர்த்திருக்கலாம். மக்களுக்கு மறைக்கப்பட்ட செய்தி வேறொன்றும் இருந்தது. ஹவாயைத் தாக்கச் சென்ற ஆறு விமானந்தாங்கிகளுள் நான்கு, படம் வெளியாவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, மிட்வே தீவருகே கடலடிக்குப் போய்விட்டன. மூழ்கிய கப்பல்கள் திரையில் வெற்றிவலம் வந்தன.

ஹவாய்க்கும் மிட்வேக்கும் இடையில் அக்கப்பல்கள் சென்ற இடங்களுள் ஒன்று திருகோணமலைக் கடல். அட்மிரல் நகுமோவின் தலைமையில் அக்காகி, சோரியு, ஹிரியு, ஷொக்காக்கு, சுயிக்காக்கு ஆகிய ஐந்து விமானந்தாங்கிகள் வங்கக் கடலுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 இல் முறை திருகோணமலையினுடையது. முத்துத் துறைமுகத் தாக்குதலை நடத்திய புச்சிதா மிட்சுவோவே இங்கும் விமானங்களுக்குத் தலைமை தாங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுக்கு இலக்காயின. எதிர்த்தெழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் பல வீழ்ந்தன. பெரிய எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றின்மீது யப்பானிய விமானமொன்று மோதி வீழ, தாங்கி பல நாள் எரிந்தது.

முன்னிரவே துறைமுகத்தைவிட்டு அகன்ற ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கி, கொட்டியாரக் குடாவைக் கடந்து, இலங்கைத்துறை, வெருகல், வாகரை ஆகிய கரையோர ஊர்களைப் பின்தள்ளி மட்டக்களப்புப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஏப்ரல் 9 காலை, திருகோணமலை நோக்கித் திரும்பி வருகையில் அது காணப்பட்டுத் தாக்கப்பட்டது. விமானந்தாங்கி என்பது பெயரளவிலேயே. அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. அதனோடு 307 பேர் மாண்டனர். காவலாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரி ‘வம்பையர்’ உம் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதற் கப்பல் ஹெர்மிஸ். ஆனால் அவ்வாறு கட்டி முடித்துச் சேவையில் இறக்கிய முதற் கப்பல் 1922 இல் யப்பான் கடற்படையிற் சேர்த்த ‘ஹோஷோ’. கற்றுக்கொண்டவன் கற்பித்தவனை மூழ்கடித்தான் என்று கூறினால் மிகையாகாது.

போரின் நடுவிலும் குரங்கு தன் தொழிலை விடவில்லை. 1941 இல், யப்பானியர் சூழ்ந்திருந்த ஷங்ஹாயில், வான் சகோதரர் அதே நாவலின் ஒரு பகுதியைக் கொண்டு ‘இரும்பு விசிறி இளவரசி’ என்னும் நெடுங்கேலிச்சித்திரப் படத்தை ஆக்கினர். அதில் வரும் கொடிய எருதரசனை ஊரார் ஒன்றுகூடி அடக்குவது யாரைக் குறித்தது என்பதைச் சீனர் அறிவர். அப்படம் 1942 இல் யப்பானிலும் திரையிடப்பட்டது. கண்டு வியந்தோருள் ஒருவர், பின்னாளிற் சித்திரக் கதையில் முடிசூடா மன்னராகிய தெசுக்கா ஒசாமு. யப்பானியக் கடற்படை தன் பங்குக்கு 1943 இல் ‘மொமோத்தாரோவின் கடற்கழுகுகள்’ என்னும் கேலிச்சித்திரப் படத்தை ஆதரித்து வெளியிட்டது. சிறுவர்களுக்கான அப்படத்தில், விமானந்தாங்கியிலிருந்து எழுந்து அரக்கர் தீவின் துறைமுகத்தைத் தகர்ப்போர் குரங்குகளும் நாய்களும் பறவைகளும் ஆவர். இம்முறை குரங்கின் விமானத்தில் உண்மையாகவே குண்டு ஏற்றப்பட்டிருந்தது.

போருக்குப் பின் 1948 இல், பிரசாரப் படங்களில் உழைத்தமைக்காகச் சுபுராயாவைப் பதவியினின்று விலக்கினர். 1954 இல் ‘கொட்சில்லா’ வாயிலாக அவர் மீண்டும் உலகப் புகழ் பெற்றார். இப்போது மாதிரி நகரங்களை நசுக்கியது விமானமன்று, விலங்கு. யமாமோட்டோ 1959 இல் சொன் கோக்குவை வண்ணத்தில் மீண்டும் எடுத்தார். குரங்கு வேடம் மிக்கி நோரிஹெய் என்பவருக்குப் போயிற்று. எனோக்கென் 1962 இல் நோயினால் ஒரு காலை இழந்தார். செயற்கைக் காலுடன் மேடைக்குத் திரும்பினார். அவரும் சுபுராயாவும் 1970 ஜனவரியில், பதினெட்டு நாள் இடைவெளியில் இறந்தனர். ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலடியிற் கிடக்கிறது. சீனன்குடாவில் எரிந்த தாங்கியின் உருகி வளைந்த இரும்புத் தகடுகள், அகற்றுவாரின்றிக் காட்டினிடையே நெடுங்காலம் கிடந்தன.