ஃபோர்க் ஆயில் சீல் மாற்றுதல்

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஆயில் கசியும்போது பழைய சீலைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் பணி. பட்டறையில் ‘ஆயில் சீல் போச்சு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். சீல் விலை குறைந்த பொருள்தான். ஆனாலும் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி கசியத் தொடங்கும் வண்டிகள் நிறைய. பெரும்பாலும் அங்கே குற்றவாளி சீல் அல்ல. சீல் உரசி ஓடுகிற பைப்.

அமைப்பு

டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் இரண்டு குழாய்களால் ஆனது. மேலே இருப்பது ஹார்டு குரோம் பூசிய எஃகு பைப். கீழே சக்கரத்தின் ஆக்சிலைத் தாங்குவது பாட்டம். இது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆயில் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான் வண்டியின் துள்ளல் அடங்குகிறது. இப்படி ஆயிலால் அடக்கப்படும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935இல் ஆர்12, ஆர்17 என்ற மாடல்களில் முதன்முதலாக உற்பத்திக்குக் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ. நிறுவனம். சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட்டும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வண்டிதான்.

பாட்டத்தின் வாய்க்குள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பது ஆயில் சீல். எஃகு வளையத்தின் மேல் நைட்ரைல் ரப்பரை வார்த்துச் செய்திருப்பார்கள். அதன் உள் உதடு பைப்பைத் தழுவி நிற்கும். உதடு தளராமலிருக்க அதன் முதுகில் மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று வளையமாகச் சுற்றியிருக்கும். சீலுக்கு மேல் சர்க்லிப், அதற்கும் மேல் டஸ்ட் சீல். பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சர்க்லிப் கிடையாது. மரையிட்ட ஒரு காலருக்குள் சீல் இருக்கும். காலரைத் திருகிக் கழற்றத் தனிக் கருவி வேண்டும்.

கசிவின் காரணங்கள்

பைப்பில் மெல்லிய ஈரப்படலம் தெரிவது இயல்பு. முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நாலைந்து முறை அழுத்திவிட்டுப் பார்க்கும்போது ஆயில் வளையமாகத் தேங்கினாலோ வழிந்தாலோதான் அது கசிவு. ரப்பர் வயதாகி இறுகிப் போவது ஒரு காரணம். உதட்டில் சிக்கிய மணல் இன்னொன்று. மணல் மட்டுமே என்றால் வண்டியைப் பிரிக்கவே தேவையில்லை. டஸ்ட் சீலை மேலே தள்ளிவிட்டு, பழைய கேமரா ஃபிலிமில் வெட்டிய துண்டை உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் அழுக்கு கூடவே வந்துவிடும். பல வண்டிகளில் கசிவு அதோடு நின்றுபோகும்.

துருப்புள்ளி அப்படிப் போகாது. ஆண்டுக்கணக்கில் வெளியே நின்ற வண்டியில் குரோம் பொத்துச் சிறு குழிகள் விழுந்திருக்கும். குழியின் கூர்மையான விளிம்பு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ரப்பர் உதட்டை அறுக்கும். அந்தப் பைப்பில் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் நிலைக்காது. ஆகவே புதுச் சீல் வாங்குமுன் பைப்பைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும்; பஞ்சை வைத்து இழுத்தால் எங்கே சிக்குகிறது என்று இன்னும் துல்லியமாகத் தெரியும். பாட்டத்தின் வாய்க்கு மேலே, சீல் ஓடுகிற பகுதியில் இருக்கும் குழிகளே முக்கியம். மேல் கிளாம்புக்குள் மறைந்திருக்கும் துருவால் சீலுக்குக் கெடுதல் இல்லை.

கழற்றுதல்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். காலை வண்டியிலிருந்து உருவுவதற்கு முன்பே மேல் மூடி போல்ட்டைத் தளர்த்திக்கொள்வது நல்லது. உருவிய பிறகு வழுக்கும் பைப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகுவது பெரும்பாடு. சில 1980களின் வண்டிகளில் ஃபோர்க்குக்குள் காற்று அடைத்திருப்பார்கள். அவற்றில் முதலில் வால்வை அழுத்திக் காற்றை இறக்கிவிட வேண்டும். காற்று இல்லாவிட்டாலும் ஸ்பிரிங்கின் விசையில் மூடி தெறிக்கும் என்பதால் கடைசி மரைகளைக் கழற்றும்போது கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

சக்கரம், மட்கார்ட், டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பர் ஆகியவற்றைக் கழற்றி, கிளாம்பு போல்ட்டுகளைத் தளர்த்தினால் கால் திருகலோடு கீழே இறங்கிவரும். அடுத்து, பாட்டத்தின் அடியில் குழிக்குள் இருக்கும் ஆலன் போல்ட். உள்ளே உள்ள டேம்பர் ராடைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். வேலை பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இங்கேதான்: போல்ட்டைத் திருகினால் ராடும் கூடவே சுற்றும். ஸ்பிரிங்கை வெளியே எடுக்காமல், காலை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகினால் அதன் விசையே ராடை நிறுத்தி வைக்கும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, முனையைச் சீவிய துடைப்பக் கட்டையை மேலிருந்து ராடின் தலையில் அழுத்தி ஒருவர் பிடிக்க, இன்னொருவர் திருகலாம்.

ஆயிலை வடித்து, பைப்பையும் பாட்டத்தையும் பிரித்து, சர்க்லிப்பை எடுத்தபின் சீலை நெம்பி எடுக்க வேண்டும். விளிம்பில் மரத்துண்டு வைத்துத்தான் நெம்ப வேண்டும். சீல் உட்காரும் அலுமினியச் சுவரில் ஸ்குரூடிரைவர் கீறினால், பிறகு ஆயில் சீலின் வெளிப்பக்கமாகக் கசியும். சீல் அசையவில்லையென்றால் பாட்டத்தின் வாயில் கொதிநீர் ஊற்றலாம். அலுமினியம் விரிந்து பிடியை விடும்.

பைப்பைச் சரிபார்த்தல்

பைப் வளைந்திருந்தால் சீலின் ஒரு பக்கம் மட்டும் தேயும். தட்டையான தடித்த கண்ணாடியின் மேல் உருட்டினால் வளைவு கண்ணுக்குத் தெரியும். துல்லியமாகப் பார்க்க லேத் பட்டறையில் டயல் கேஜ் வைக்கச் சொல்லலாம். ஹோண்டாவின் பல கையேடுகள் 0.20 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன. குழியின் விளிம்பு மேடாக இருந்தால் ஆயில் தொட்ட நைஸ் எமரி பேப்பரால், அந்த இடத்தை மட்டும், பைப்பைச் சுற்றிய வாக்கில் தேய்த்து மழுக்கலாம். சிறு குழிகளை எபாக்சியால் அடைத்துச் சமன் செய்வோரும் உண்டு. அது தற்காலிக ஏற்பாடு. குழிகள் கூட்டமாக இருந்தால் பழைய குரோமை எடுத்து மறுபடி பூசி அளவுக்குக் கிரைண்ட் செய்ய வேண்டும், இல்லையேல் வேறு பைப் தேட வேண்டும். புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்குபவர்கள் அங்கேயே உருட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

பொருத்துதல்

சீலின் அளவு மூன்று எண்களில் இருக்கும். 33×46×11 என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், எல்லாம் மி.மீட்டரில். ஒரு காலில் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் மாற்றுவதே வழக்கம். எண்கள் அச்சிட்ட முகம் பொதுவாக மேலே பார்க்கும். சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். பைப்பின் மேல் முனை கூர்மையாக இருப்பதால் அதன்மேல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, ஆயில் தடவி, சீலை அதன் வழியே வழுக்கி இறக்க வேண்டும். வெறும் பைப்பில் மாட்டும்போதே உதடு கிழிந்துபோகும் சீல்கள் உண்டு. பிறகு பழைய சீலை மேலே வைத்து, பொருத்தமான குழாயால் சீராகத் தட்டினால் புதியது நேராக இறங்கும். சர்க்லிப்பின் காடி முழுவதும் தெரிந்தால் சீல் அடிவரை போய்விட்டது என்று பொருள்.

ஆலன் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். பழைய வாஷரோடு மாட்டினால் ஆக்சில் பக்கம் ஆயில் சொட்டும். அதைப் பார்த்துப் புதுச் சீலையே சந்தேகிப்பார்கள். ஆயிலின் தரமும் அளவும் கையேட்டில் இருக்கும், எஸ்.ஏ.இ. 10 தர ஃபோர்க் ஆயில் பரவலாகப் பயன்படுகிறது. இரண்டு கால்களிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஊற்றியபின் பைப்பை மெதுவாக ஏற்றி இறக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்பிரிங்கையும் மூடியையும் மாட்டலாம்.

கசிந்த ஆயில் பிரேக் பேடில் ஏறியிருந்தால் பேடையும் மாற்றியே ஆக வேண்டும். பேட் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். கழுவிக் காயவைத்தாலும், சூடேறும்போது அது வெளியே கசிந்து பிரேக்கை வழுக்கவைக்கும்.