அமெரிக்கக் கல்லூரி நீச்சல்: போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது ஏன்?

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் வீரர்கள், முக்கியப் போட்டிக்கு 2 அல்லது 3 வாரங்களுக்கு முன்பிருந்தே பயிற்சித் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றனர். 'டேப்பர்' எனப்படும் இம்முறையில் தூரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தாலும், பயிற்சியின் வேகம் குறைக்கப்படுவதில்லை. இதனால், பல மாதங்களாகச் சேர்ந்த களைப்பு நீங்கி, பெற்ற திறன் முழுமையாக வெளிப்படுகிறது. சிட்னி ஒலிம்பிக்குக்கு (2000) முந்தைய 3 வாரங்களில் நீச்சல் வீரர்களின் செயல்திறன் சராசரியாகச் சுமார் 2 சதவீதம் உயர்ந்ததாக ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது.

எனினும், கல்லூரிகளின் கூட்டமைப்புப் போட்டிகள் பெரும்பாலும் பிப்ரவரியிலும், என்சிஏஏ தேசியப் போட்டி மார்ச்சிலும் நடைபெறுகின்றன. தேசியப் போட்டிக்கான தகுதி நேரத்தை எட்டாதோர் பிப்ரவரியிலேயே முழு ஓய்வுடன் களமிறங்குகின்றனர். ஏற்கெனவே எட்டியோர் மார்ச் மாதத்துக்காகக் கடும் பயிற்சியைத் தொடர்கின்றனர். சில வார இடைவெளியில் இருமுறை உச்சநிலையை எட்டுவது கடினம் என்பதே இதற்குக் காரணம்.