பாசிக்குடா: இருமுறை கட்டப்பட்ட கடற்கரை

கனடாவில் வாழும் நம்மவரின் பிள்ளைகள் திருமணம் முடித்த கையோடு கியூபாவுக்கோ, டொமினிக்கன் குடியரசுக்கோ, ஜமைக்காவுக்கோ ஒரு வாரம் போய்வருவது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. விமானக் கட்டணம், அறை, மூன்று வேளை உணவு எல்லாம் ஒரே தொகையில் அடங்கிவிடுகின்றன. வெண்மணல், முழங்காலளவு நீலநீர், தென்னை நிழலில் சாய்வு நாற்காலி, வேறு கவலை ஏதுமில்லை. இத்தகைய இளந்தம்பதியருள் சிலர் பெற்றோரின் ஊரைப் பார்க்க இலங்கை வரும்போது பாசிக்குடாவிலும் இரண்டு நாள் தங்கிச் செல்கின்றனர். கரிபியன் தீவில் கண்ட காட்சி அவர்களுக்கு இங்கும் கிடைக்கிறது. கிடைக்காதது அந்தக் கரையின் கதை. விடுதிச் சுவர்களில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதினால் வருபவர் மனம் கலங்கக்கூடும் என்று கருதுகிறார்களோ என்னவோ.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், வாழைச்சேனைக்குக் கிழக்கே இருக்கிறது பாசிக்குடா. பாசி படர்ந்த குடா என்பதால் அப்பெயர். அடுத்திருப்பது கல்குடா. பிறைபோல் வளைந்த குடாவைப் பவளப்பாறைகள் காப்பதால் அலையின் வேகம் கரையை எட்டுவதில்லை. வெகுதூரம் உள்ளே நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும்போது நிறம் மாறிவிடும். தெற்கு, மேற்குக் கரைகளுக்கு மாரி வரும் காலத்தில் கிழக்குக்குக் கோடை என்பதே இக்கரையின் பொருளாதாரப் பலம். ஆண்டு முழுவதும் நாட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் வெயில் இருக்கும் என்று வெளிநாட்டாருக்கு விற்க முடிந்தது.

மட்டக்களப்புக்கு வெளிநாட்டார் வருகை புதிதன்று. 1602 மே 31இல் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கு வந்திறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இவர்கள் எவரும் ஓய்வெடுக்க வரவில்லை. கறுவாவும் கண்டியரசனின் நட்புமே அவர்களது தேவை. வேடிக்கை பார்க்கும் ஆவலோடு வாவியில் இறங்கியவர் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று, இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் ரெனன்ற் எழுதியது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த அவர், இரவில் வாவியிலே தோணியில் சென்று நீருக்கடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்டதைத் தமது 1859ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். பாடும் மீனின் புகழ் உலகெங்கும் பரவ அந்நூலும் ஒரு காரணம்.

ஊரவருக்குக் கடல் வேறு விதமாகவே இருந்தது. கரைவலை இழுப்போருக்கு அது தொழில். திருக்கோவில் போன்ற தலங்களில் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடுவோருக்கு அது கடமை. பிதிர்க்கடன் கழிக்கவும் மீன் பிடிக்கவும் கடலுக்குப் போனார்களே தவிர, சும்மா படுத்துக்கிடக்கப் போகவில்லை. எழுவான்கரையில் மீனும் படுவான்கரையில் நெல்லுமாக ஓடிய வாழ்க்கையில் மணலுக்கு விலை எதுவும் இருக்கவில்லை. வள்ளம் ஏற்றவும் வலை காயவிடவும் இடம் இருந்தால் போதும்.

மணலுக்கு விலை வருவதற்கு முதலில் வழி வேண்டியிருந்தது. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. வாழைச்சேனையும் கல்குடாவும் அப்பாதையின் நிலையங்களாயின. பிற்காலத்தில் கொழும்பிலிருந்து வருவோர் உதயதேவியில் ஏறி ஒரு நாள் பயணத்தில் கடலைத் தொடக்கூடியதாயிற்று.

அடுத்தது அரசின் திட்டம். 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை உல்லாசப் பயணச் சபை உருவானது. அவ்வாண்டில் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர் மட்டுமே. அமெரிக்க ஆலோசனை நிறுவனமொன்று தயாரித்த பத்தாண்டுத் திட்டம், நாட்டை ஐந்து உல்லாசப் பயண வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை அவற்றுள் ஒன்றாக வைத்தது. எழுபதுகளில் பாசிக்குடாவில் இம்பீரியல் ஓசியானிக் போன்ற பெரிய விடுதிகள் எழுந்தன. ஐரோப்பியர் வெயில் காய வந்தனர். மட்டக்களப்பிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளும் சோற்றுப் பொதியோடு வந்து குளித்துவிட்டு அன்றே திரும்பினர். இதுதான் முதன்முறை கட்டப்பட்ட பாசிக்குடா.

அதற்கு ஆயுள் குறைவு. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது, தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது, கூரைகளைப் பிடுங்கியெறிந்தது. அதிலிருந்து நிமிர்ந்தபோது நாட்டுக்கு வருவோர் தொகை உச்சத்திலிருந்தது: 1982இல் 407,230 பேர். மறு ஆண்டு ஜூலைக் கலவரம். 1983இல் தொகை 337,530 ஆகக் குறைந்தது. தெற்குக் கரை பின்னர் மீண்டது. கிழக்குக் கரை மீளவில்லை. போர் இங்கேயே குடியிருந்தது. படைமுகாம்கள், சுற்றிவளைப்புகள், இடப்பெயர்வுகள் என்று ஆண்டுகள் கழிந்தன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதி இரு பக்கத்து இழப்புகளையும் கண்டது. விடுதிகள் கூரையற்ற சுவர்களாயின. புகையிரதமும் நின்றுபோனது.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின் வழி திறந்தது. புகையிரதம் மீண்டும் ஓடியது. சிதைந்த விடுதிகளின் முன்னால் மக்கள் மறுபடி குளித்தனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. நாவலடி, திருச்செந்தூர், கல்லடி, கல்குடா என மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிதைந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சாய்ந்த கோபுரம் அந்த நாளுக்குச் சாட்சியாக நின்றது. அலை போனபின் போர் திரும்பியது. 2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. ‘கிழக்கின் உதயம்’ என்ற அபிவிருத்தித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது.

அவ்வாண்டில் நாட்டுக்கு வந்தவர்கள் 447,890 பேர். 1982ஆம் ஆண்டின் தொகையைவிட நாற்பதாயிரம்தான் அதிகம். ஒரு நாடு கால் நூற்றாண்டுக்கு மேல் நின்ற இடத்திலேயே நின்றதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பின்னர் எல்லாம் வேகமாக நடந்தன. பாசிக்குடா உல்லாசப் பயண வலயமாகத் திட்டமிடப்பட்டது. கரையோரக் காணிகள் துண்டுகளாக்கப்பட்டு, பெருநிறுவனங்களுக்கு முதலீட்டுக்கென வழங்கப்பட்டன. 2011இல் மாலு மாலு விடுதி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நட்சத்திர விடுதிகள் வரிசையாக எழுந்தன. இது இரண்டாம் முறை கட்டப்பட்ட பாசிக்குடா. முதல் முறை நடந்ததற்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு ஒன்றுண்டு. இம்முறை கரை பங்கிடப்பட்டபோது, இடம்பெயர்ந்தும் உறவுகளை இழந்தும் வந்த ஊர் இன்னும் எழுந்து நிற்கவில்லை. பேரம் பேசும் வலு அதற்கு இருக்கவில்லை.

விளைவுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். மீனவரின் வள்ளம் ஏற்றும் இடம் சுருங்கியது. ஊரவருக்குக் கிடைத்த வேலைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாயும், பெரும்பாலும் கீழ்நிலை வேலைகளாயும் இருந்தன. ஹோட்டல் வேலை பெண்களுக்கு ஆகாது என்ற ஊர்ப்பேச்சு காரணமாகப் பெண்கள் பலர் ஒதுங்கினர். பின்னதற்கு விடுதிகளை மட்டும் குறைசொல்ல இயலாது. நமது சமூகமும் அதில் பங்காளிதான். தன் மகள் இலண்டனில் ஹோட்டலில் வேலை செய்தால் பெருமை, பாசிக்குடாவில் செய்தால் வெட்கம் என்ற மனப்போக்கை நாம் எப்போது பேசப்போகிறோம்?

கரையின் உரிமை கரிபியன் தீவுகளிலும் தீராத வழக்குத்தான். ஜமைக்காவின் 1956ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையில் நடக்கவோ கடலில் குளிக்கவோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமையை வழங்கவில்லை. அதனால் தீவில் பிறந்தவரே காசு கொடுத்து உள்ளே போகவேண்டிய கரைகள் அங்கு உண்டு. பார்படோஸ் கடற்கரைகளைப் பொதுச் சொத்தாகவே வைத்துக்கொண்டது. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வரையறுத்து, அங்கு கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. அலை தொடும் மணல் அரசின் சொத்து, அதாவது மக்களின் சொத்து. ஆனால் மணலுக்குப் போகும் பாதையை மதில் மறித்தால் அந்த உரிமை காகிதத்திலேயே நின்றுவிடும். ஜமைக்காவா, பார்படோஸா என்ற கேள்வி பாசிக்குடாவுக்கும் உண்டு.

இரண்டாம் பாசிக்குடாவும் அசைக்க முடியாததன்று. 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர் நாட்டுக்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களுள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. இறந்தோரில் குழந்தைகள் பலர். தொடர்ந்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் பொருளாதார வீழ்ச்சி. 2024இல்தான் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும் நிறுவனம் கணக்கை மூடிவைத்துக் காத்திருந்தது. தினக்கூலிக்கு அறை துடைத்தவருக்குக் காத்திருக்க வசதியில்லை. கடலுக்குத் திரும்பலாமென்றால் அங்கு வள்ளம் ஏற்ற இடம் வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது எவரையும் வரவேண்டாம் என்று தடுப்பதற்கன்று. துயரம் நிகழ்ந்த இடத்தில் மகிழ்ச்சி கூடாது என்றால் மட்டக்களப்பில் எவரும் சிரிக்க முடியாது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், 307 உயிர்களின் கல்லறையாக இக்கடலில்தான் கிடக்கிறது. அதைக் காணச் சுழியோடிகள் ஆவலோடு வருகின்றனர். மீன்கள் அதற்குள் குடியிருக்கின்றன. கடல் அப்படித்தான்.

வருபவர்கள் சில சிறு காரியங்கள் செய்யலாம். ஒரு நாளாவது ஊரவர் நடத்தும் தங்குமிடத்தில் தங்கலாம். வாழைச்சேனைச் சந்தையில் மீன் வாங்கிச் சமைப்பித்து உண்ணலாம். உள்ளூர்த் தோணிக்காரரோடு வாவியில் போகலாம். முக்கியமாக, விடுதியின் வாசலால் மட்டுமன்றி, மீனவர் நடக்கும் பாதையாலும் ஒருமுறை கடலுக்குப் போய்ப் பார்க்கலாம். அந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்குமே அது திறந்திருக்கும்.