தில்லைப் பாலும் சாராயமும்

பிச்சாவரத்துக் காயலில் எங்கள் படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. தலைக்கு மேல் தொங்கிய ஒரு கிளையை விலக்கக் கையை நீட்டினேன். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டார்.

"ஐயா, அதைத் தொடாதீங்க. தில்லை மரம். பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

கையை இழுத்துக்கொண்டேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் என்பது தெரியும். இத்தனை பொல்லாதது என்பது தெரியாது.

அன்று மாலை சிதம்பரத்தில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் என் முன் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். ஒன்றில் அவர் கொண்டுவந்த பூர்பன் விஸ்கி. மற்றதில் நம் ஊர்க் கடையில் வாங்கிய மலிவு விஸ்கி.

"குடிக்க வேண்டாம் ஸார். முகர்ந்து பாருங்கள். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வையுங்கள், போதும்."

குடிப் பழக்கம் இல்லாதவனுக்கு இப்படி ஒரு பரீட்சை! முதல் தம்ளரில் வெனிலா மணமும் கருகிய மரத்தின் மணமும் கலந்து வந்தன. இரண்டாவதில் காய்ச்சிய சர்க்கரையின் வாசனையும், நாக்கில் ஓர் எரிச்சலும்தான்.

நண்பர் சிரித்தார். பூர்பன் என்றால் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டுமாம். உட்புறம் தீய்த்த புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டுமாம். அது தங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானமே போட்டிருக்கிறது. நம் மலிவு விஸ்கியிலோ பெரும் பங்கு தானியம் அல்ல. கரும்பாலையில் மிஞ்சும் கழிவுப்பாகில் இறக்கிய சாராயம். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது.

கரும்புச் சாராயம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி, 1824-ல் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையில் காலராவால் இறந்தார். கல்லறை கடலூரில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் 1842-ல் தோன்றிய சர்க்கரை ஆலையும், அதோடு சேர்ந்த வடிசாலையும் பிற்பாடு அவர் பெயர் தாங்கிய கம்பெனியின் கைக்கு வந்தன.

சாராயத்தைச் சோதிக்க ஆங்கிலேயர் நாக்கை நம்பவில்லை. பழைய காலத்தில் வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்களாம். பற்றிக்கொண்டால் வீரியம் சரி. பிறகு மிதக்கவிட்டு அளக்கும் கருவி வந்தது. எல்லாம் வரிக்காகத்தான். குடிப்பவன் பிழைப்பானா என்று அந்தக் கருவி பார்க்கவில்லை.

அடுத்து வந்தது மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பி வந்தது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் சர்க்காரே மது வியாபாரத்துக்கு ஒரு கம்பெனி அமைத்தது. 1987-ல் கள், சாராயக் கடைகளை மூடினார்கள். கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்ததே தவிர, கொல்லைப்புறத்துக் கள்ளச்சாராயம் ஒருநாளும் ஓயவில்லை.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு ஊரும் பழைய தென்னார்க்காடு ஜில்லாதான். இரண்டு இடத்திலும் எமனாக வந்தது ஆலைகளுக்கான மெதனால்.

மெதனாலைப் பற்றி நண்பர் சொன்னதைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதுவும் சாராயம் போலவே எரியும். மணமும் ருசியும் ஏறக்குறைய அதேதான். எடையிலும் வித்தியாசம் அற்பம். ஆகவே மிதக்கும் கருவியும் ஏமாந்துபோகும். வயிற்றுக்குள் போன பிறகு, ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்குகிறது. பார்வை மங்கும், அப்புறம் உயிர் போகும்.

கண்ணைப் பறிப்பதில் தில்லைப் பாலுக்கு அது தம்பி அல்லவா?

பூர்பனை ருசி பார்க்கிறவருக்குச் சீசாவின் சீட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. உள்ளே இருப்பது இன்னது என்று தெரிந்துகொண்டு, அதன் மணத்தைப் பற்றிச் சாவகாசமாகத் தர்க்கம் செய்யலாம். எனக்கோ, தில்லை மரத்தைக் காட்டித் தடுக்க ஒரு படகோட்டி இருந்தார். எக்கியார்குப்பத்தில் அந்த நஞ்சை வாங்கிக் குடித்த மனிதரும் இதே கடற்கரைக்காரர்தான். அவரிடம் "தொடாதீங்க" என்று சொல்ல யார் இருந்தார்கள்?