வீட்டிற் காய்ச்சிய பியர்



யப்பான் தன் வாயில்களை உலகுக்குச் சாத்தியிருந்த காலம் ஒன்றுண்டு. 1641 முதல் ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே அங்கு வணிகஞ் செய்ய இசைவு பெற்றிருந்தனர். அவர்களும் நாகசாகித் துறையிலே, விசிறி வடிவாக அமைத்த தேசிமா என்னும் செயற்கைத் தீவினுள் அடைபட்டே வாழ்ந்தனர். மேல்நாட்டு நூலாயினும் மருந்தாயினும் அத்தீவின் சிறு பாலத்தைக் கடந்தே உள்ளே நுழைதல் வேண்டும். பியரும் அவ்வழியே வந்தது.

வந்த விருந்தாளிக்கு வரவேற்பு நன்றாயில்லை. 1724ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில், ஒல்லாந்தரின் வாற்கோதுமை மதுவைச் சுவைத்த யப்பானிய மொழிபெயர்ப்பாளர், அது மிகவும் கெட்டதொரு பொருளென்றும் யாதொரு சுவையும் அற்றதென்றும் எழுதிவைத்தனர். அரிசியிலிருந்து ஆக்கும் சாக்கே மதுவுக்குப் பழகிய நாவுக்கு இந்தக் கசப்புப் பிடியாமற் போனதில் வியப்பில்லை. நெடுங்கடல் கடந்து வந்த பீப்பாய்க்கும் அப்பழியில் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

பின்னர் நெப்போலியன் காலப் போர்கள் மூண்டன. ஒல்லாந்தரின் நாடு பிரெஞ்சுக்காரர் வசமாக, அவர்தம் குடியேற்றங்களை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகக் கவர்ந்தனர். நமது கொழும்பில் ஒல்லாந்தர் கொடி இறங்கியது 1796இல். யாவா வீழ்ந்தது 1811இல். தேசிமாவிலோ அக்கொடி இறங்கவில்லை. அங்குத் தலைவராயிருந்த ஹென்றிக் டூவ், 1813இலும் 1814இலும் யாவாவிலிருந்து ராபிள்ஸ் அனுப்பிய கப்பல்களுக்குத் தீவை ஒப்புவிக்க மறுத்தார். ஆனால் ஒல்லாந்தக் கப்பல் வராமையால் ஊர்ப் பண்டங்கள் யாவும் அற்றுப்போயின. டூவ் பழைய இல்லறக் கலைக்களஞ்சியமொன்றைப் புரட்டித் தாமே பியர் காய்ச்ச முற்பட்டார். கிடைத்தது வெண்மையான ஒரு பானம். ஹார்லம் நகரத்துப் பியரொன்றின் சுவை அதில் இருந்ததாம். எனினும் நான்கு நாளைக்கு மேல் அது நிலைக்கவில்லை. நொதித்தல் போதவில்லை, பியருக்குக் கசப்பைத் தந்து அதைக் கெடாமற் காக்கும் ஹொப்புப் பூவும் அங்குக் கிடையாது. தாய்நாட்டையே இழந்து நின்ற மனிதருக்கு அந்த நான்கு நாட் சுவை எவ்வளவு பெரிதாயிருந்திருக்கும்!

டூவ் 1817இல் யப்பானை விட்டு நீங்கினார். அவர் தொடக்கிவைத்த ஒல்லாந்த யப்பானிய அகராதி அங்கேயே தங்கிவிட்டது. அதனைக் கையாற் படியெடுத்துப் பயின்ற தலைமுறையிலே தோன்றியவர் கவமொட்டோ கோமின். 1810இற் பிறந்த மருத்துவர். யப்பானிய இரசாயனவியலின் முன்னோடி. ஜெர்மானிய அறிஞர் ஸ்டொக்ஹார்ட்டின் இரசாயன நூலை ஒல்லாந்த மொழிவழிப் பெயர்த்தவர். பியர் ஆக்கும் முறையும் அந்நூலில் உண்டு. அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி கறுப்புக் கப்பல்களுடன் வந்த 1853ஆம் ஆண்டளவிலே, எடோ நகரில் கோமின் தம் இல்லத்திற் பியர் காய்ச்சினார் என்பது வழக்கு. அசகுசாவிலுள்ள கோயிலொன்றுக்கு நண்பரை அழைத்துச் சுவைக்கக் கொடுத்தார் என்றும் சொல்வர். குடித்துக் களிப்பதற்காக அவர் அடுப்பு மூட்டினார் என நான் எண்ணவில்லை. ஏட்டிற் கண்ட நொதித்தலைக் கண்ணாலும் நாவாலும் சோதித்தறிய விரும்பினார், அவ்வளவே.

அதன்பின் யாவும் விரைந்து நடந்தன. நோர்வேயிற் பிறந்த அமெரிக்கர் கோப்லண்ட் 1870இல் யோக்கோகாமாவில் ஆலை நிறுவினார்; தம் வீட்டுத் தோட்டத்தையே பியர் அருந்துவோர்க்குத் திறந்துவிட்டார். ஜெர்மனியிற் பயின்று மீண்ட நக்ககவா செய்பேய் 1876இல் சப்போரோவில் அரசாங்க ஆலையின் பியரை ஆக்கினார். கோப்லண்டின் ஆலை இருந்த இடத்திலெழுந்த கம்பனியிலிருந்து 1888இற் கிரின் பியர் வெளிவந்தது.

அரசு 1899இல் வீட்டு மதுவாக்கத்தைத் தடைசெய்தது. 1901இற் பியருக்கு வரி விதித்தது. இன்றும் யப்பானில் அனுமதிப்பத்திரமின்றி ஒரு வீதமோ அதற்கு மேலோ மதுசாரம் கொண்ட பானத்தை வீட்டில் ஆக்குதல் குற்றம். பியர் ஆலைக்கு அனுமதி வேண்டுவோர் ஆண்டொன்றுக்கு 60,000 லீற்றராவது ஆக்குதல் வேண்டும். 1994க்கு முன் அவ்வெல்லை இருபது இலட்சம் லீற்றர். கோமினின் சிறு பானைக்கு இச்சட்டத்தில் இடமில்லை.