தண்ணி லாரி வராத வீட்டுக்கும் ஒரு பச்சை வேலி: விராலி வளர்ப்பது எப்படி?

சித்தூர், திருப்பதி பக்கம் கோடையில் பல வீட்டு போர்வெல்லில் வெறும் காற்றுதான் வரும். காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணியைக் குரோட்டன்ஸுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? ஆனால் அதே வெயிலில், சேஷாசலம் மலைச்சரிவிலும் ஊரைச் சுற்றியுள்ள கல் கரடுகளிலும் ஒரு புதர் பச்சையாகவே நிற்கிறது.

தமிழில் அது விராலி, தெலுங்கில் பந்தாரு. தாவரவியல் பெயர் டோடோனியா விஸ்கோசா. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு இந்தச் செடியால்தான் பெயர் வந்தது என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியா, ஹவாய், மெக்சிகோ வரை இயற்கையாகவே பரவியிருக்கும் செடி இது.

வறட்சியை எப்படித் தாங்குகிறது?

இலையைத் தொட்டாலே தெரியும், பிசுபிசுக்கும். 'விஸ்கோசா' என்ற லத்தீன் சொல்லுக்கும் அதுதான் பொருள். இலை மேல் படியும் இந்தப் பிசின் நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. ஆடு, மாடும் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. வேலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

விதையா, கன்றா?

விதைதான். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வரலாமே என்று நினைக்காதீர்கள். சேஷாசலம் பாதுகாக்கப்பட்ட வனம், அது குற்றம். வேர் அறுந்த விராலி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் வேலியிலிருந்து, இறக்கை வைத்த காகிதம் போன்ற காய்கள் பழுத்துக் காய்ந்ததும் பறித்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் பூக்கள் பொதுவாக வேறு வேறு செடியில் இருக்கும் என்பதால் எல்லாச் செடியும் காய்க்காது.

விதைத்தோல் கடினமானது, தண்ணீர் உள்ளே இறங்காது. அப்படியே போட்டுவிட்டு முளைக்கலையே என்று காத்திருப்பது வீண். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். உப்பிய விதைகளை மணல் கலந்த செம்மண் பையில் விதைக்கலாம்.

ஜூனில் பையில் போட்டால் அக்டோபர் மழைக்குக் கன்று தயார். நல்ல வெயில் படும் இடத்தில் இரண்டு, மூன்று அடி இடைவெளியில் நடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம், வேர் அழுகிவிடும்.

வறட்சி தாங்கும் செடிதானே என்று நட்ட மறுநாளே கைவிட்டுவிடக் கூடாது. வேர் ஆழமாக இறங்கும்வரைதான் அதற்கு உங்கள் உதவி தேவை. முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள், இரண்டாம் கோடையில் அதில் பாதி போதும். அதன் பிறகு மழையே பார்த்துக்கொள்ளும். உரம் தேவையில்லை.

விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மழைக்காலம் முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டால் அடர்ந்து நிற்கும்.

சுளுக்கு, வீக்கத்துக்கு இந்த இலையை வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. ஆனால் இதில் சபோனின் இருப்பதால் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். இன்னொன்று, பிசின் இருப்பதால் பச்சை இலையும் சட்டென்று தீப்பிடிக்கும். ஓலைக் கொட்டகை, விறகடுப்பு பக்கத்தில் நடாதீர்கள். வெட்டிய கிளைகளையும் அங்கே குவிக்காதீர்கள்.