முகப்பும் உள்ளடக்கமும்

நூலின் முகப்போவியம் வெறும் அலங்காரமே என்று கருதுவோர் நம்மிடையே பலர். கதை எந்த மண்ணில் நிகழினும் அட்டையிலே ஓர் அழகியின் முகத்தைத் தீட்டிவிட்டாற் போதும் என்பது சந்தை வகுத்த விதி. உழைப்பவனின் வாழ்வும் அம்முகத்தின் பின்னே மறைந்துவிடுகின்றது.

இவ்விதிக்கு இணங்காதோருள் பிராக் நகரத்துக் காஃப்கா குறிப்பிடத்தக்கவர். 1915இல் அவருடைய 'உருமாற்றம்' நூலுருப் பெறவிருந்தபோது, ஓவியர் பூச்சியையே வரைந்துவிடுவாரோ என அஞ்சிப் பதிப்பகத்தாருக்குக் கடிதம் எழுதினார். பூச்சியைத் தொலைவிலேனும் காட்டலாகாது. குடும்பத்தார் ஒளியுள்ள அறையில் இருக்க, இருண்ட அடுத்த அறையின் கதவு திறந்திருக்கலாம் என்பது அவர் கூறிய யோசனைகளுள் ஒன்று. வெளிவந்த அட்டையிலே, திறந்த கதவொன்றின் முன் முகத்தைக் கைகளால் மூடிய ஒருவன் விலகிச் செல்கின்றான். பூச்சி இல்லை, ஒரு வீட்டுக்கு நேர்ந்த அவலம் இருக்கின்றது.

பெண்முகமே ஆகாது என்பதன்று நம் வாதம். மாயக்கோவ்ஸ்கியின் 'இது பற்றி' என்னும் நெடுங்கவிதை 1923இல் நூலானபோது, ரொட்சென்கோ அட்டை நிறைய லில்யா பிரிக்கின் முகத்தையே வைத்தார். அக்கவிதை பிறந்ததே அவரை முன்னிட்டுத்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், வீரகேசரி நிறுவனம் மலிவுவிலையில் ஈழத்து நாவல்களை வெளியிட்டது. அவ்வரிசையில் 1973இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது, முல்லைத்தீவு மண்ணின் எழுத்தாளர் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. நாயாற்றுக் கடனீரேரிக்கு மேற்கே, குமுளமுனைக்கும் அப்பால், குளத்தையும் காட்டையும் நம்பியிருந்த தண்ணிமுறிப்பு என்னும் சிற்றூரே அதன் களம்.

நூற்பெயரே ஓவியனுக்கு ஒரு பொறி. கிளி என்றதும் பச்சைச் சிறகும் சிவந்த மூக்கும் தூரிகைக்குத் தாமே வந்துவிடும். நிலக்கிளியோ நிலத்தைவிட்டு உயரப் பறவாதது. காட்டோரத்தில் வாழும் பதஞ்சலி என்னும் பெண்ணையே அப்பெயர் சுட்டுகின்றது. பறவையை வரைந்தால் பதஞ்சலியை இழப்போம்.

அக்கால அச்சுக்கூடங்களில் நிறம் ஒவ்வொன்றுக்கும் தனிப் புளொக்கும் தனி ஓட்டமும் வேண்டியிருந்தன. மலிவுப் பதிப்புக்கு இரண்டு மூன்று நிறங்களே கட்டுபடியாகும். இவ்வறுமையை முற்றிலும் தீங்கு என்று நாம் கொள்வதற்கில்லை. எதனை விடுவது என்ற வினாவை அது ஓவியன்முன் வைத்தது. எல்லா நிறங்களும் கைக்கு எட்டும் இன்று அவ்வினாவைக் கேட்போர் அரியர்.

1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டுப் பெயர நேர்ந்தது. கதைக்களமாக எழுதப்பெற்ற ஊர், அதன்பின், ஒரு சமூகம் அங்கே உழுது வாழ்ந்தமைக்குச் சான்றாகவும் ஆகிவிட்டது. ஆகவே அந்நாவலுக்குப் புதிதாக முகப்பு வரைபவர் குளக்கட்டையும் காடு வெட்டித் திருத்திய நிலத்தையும் அறிந்தவராயிருத்தல் வேண்டும். நாட்காட்டிப் படத்திலிருந்து பெயர்த்தெடுத்த பனந்தோப்பை அங்கே நட்டுவிடலாகாது. அக்காட்டில் நிற்பவை பாலையும் வீரையும் முதிரையும்.